உனக்கு நான் ஒட்டிய பெயர்

பாப்பா,

நீ திருப்பூருக்கு வேலைக்குப் போய் இன்றோடு ஒரு மாதம் முடிகிறது. இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ முறை போனில் பேசிவிட்டோம். ஆனாலும் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. வாய் எழவில்லை. அதனால்தான் கடையில் துணி வெட்டும் மேசையை ஒதுக்கிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாப்பாவுக்கு மட்டும் அனுப்பினால் போதாதா, எல்லாரும் வாசிக்கிற மாதிரி எதற்கு என்று உன் அப்பா கேட்டார். போதாது. நான் உனக்குச் செய்ததை எல்லாரும் பார்க்கும்படி செய்தேன். மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பது சரியாக இருக்காது. நேற்று உன்னிடம் கேட்டபோது நீயும் சரி என்றாய். "எழுதும்மா. ஆனா எம் பேர எழுதாத, அழுகாச்சியாவும் எழுதாத" என்றாய். பெயரை எழுதவில்லை. இரண்டாவதற்கு உறுதி சொல்ல முடியவில்லை.

நீ பதினொன்றாம் வகுப்பு படித்தபோது ஆரம்பித்தது இது. யாரோ ஒரு பெண் பாவாடை தாவணி தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போய்விட்டாள். மெரூன் பாவாடை, மஞ்சள் தாவணி. உனக்கு அளவு சரியாக இருந்தது. திருச்சுழிக்குப் பக்கத்தில் என் பிறந்த ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது அதை உடுத்திக்கொண்டு வந்தாய். சாயங்காலம் பருத்திக் காட்டு வழியாக நடந்து வந்தபோது உன் செருப்பில் முள் ஏறிவிட்டது. குனிந்து பிடுங்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். பின்னால் பருத்தி வெடித்துக் கிடந்தது, வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு ஒரு விளம்பரமாக இருக்கட்டும் என்றுதான், போனில் எடுத்த அந்த வீடியோவை என் தையல் கடையின் இணையப் பக்கத்தில் போட்டேன். மறுநாள் மதியத்துக்குள் என்னால் எண்ண முடியாத அளவுக்குப் பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர்கூடத் தாவணியைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாரும் உன்னைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பெண்ணா, கள்ளமில்லாத முகம், மண்வாசனை, ஹோம்லி என்று. அதில் யாரோ ஒருவர் 'கரிசக்காட்டுச் சிட்டு' என்று எழுதியிருந்தார். அன்றைக்கே கடையின் பக்கத்துக்கு அந்தப் பெயரை மாற்றி வைத்தேன். நீ பள்ளியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டாய். நீதான் என்றேன். சிரித்தாய். அந்தச் சிரிப்பையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பதினாறு வயதுப் பிள்ளை, தன் பெயருக்குப் பதிலாக வேறு பெயரில் தன் முகத்தைப் பார்த்தால் சிரிக்காமல் வேறு என்ன செய்யும்?

அதன்பிறகு சிட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் சொன்னார்கள், நான் கேட்டு நடந்தேன். நீ ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள். சிட்டுக்குக் கண்ணாடி கிடையாது. வீடியோ எடுக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொள்வேன். ஒருநாள் வரப்பில் ஓடி வரச் சொன்னேன். பள்ளம் தெரியாமல் தடுமாறி வேலிக்கருவை மேல் கையை ஊன்றிவிட்டாய். உள்ளங்கையில் முள் ஏறி ரத்தம் வந்தது. "வலிக்குதும்மா" என்றாய். "இன்னும் ஒரே தடவ தாயி, வெயில் போயிரும்" என்றேன். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மறுபடி ஓடி வந்தாய். அந்த வீடியோவைத்தான் எல்லாரும் வெகுளி, வெகுளி என்று கொண்டாடினார்கள். கண் தெரியாமல் விழித்ததை வெகுளித்தனம் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு உண்மை தெரியும். தெரிந்தும் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாம் இருப்பதோ அருப்புக்கோட்டையில் மாடி வாடகை வீடு. தெரு முழுக்கத் தறிச் சத்தம், வீட்டில் கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், உன் மேசையில் வேதியியல் புத்தகம். வீடியோவில் நீ உன் மாமா வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து விறகடுப்பு ஊதினாய். அதற்கு முன்னால் நீ விறகடுப்பைப் பற்ற வைத்ததே இல்லை. நான்கூட மறந்துபோன சொற்களை எல்லாம் தேடிப்பிடித்து உனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தேன். இதெல்லாம் இப்போது யாரம்மா பேசுகிறார்கள் என்று கேட்டாய். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளவும் நான்தான் பழக்கினேன்.

பன்னிரண்டாம் வகுப்பில், பள்ளி ஆண்டு விழாவில் நீ ஆங்கிலத்தில் பேசினாயே, நினைவிருக்கிறதா? நம் ஊர் போர்வெல் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது, மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று தாளைப் பார்க்காமல் பத்து நிமிடம் பேசினாய். கண்ணாடி போட்டுக்கொண்டு, இரட்டைச் சடையோடு, கையை நீட்டி நீட்டிப் பேசினாய். முன் வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் எடுத்தேன். போடுவேன் என்று நீ இரண்டு நாள் காத்திருந்தாய். மூன்றாம் நாள் வாய்விட்டே கேட்டாய். சத்தம் சரியாகப் பதியவில்லை என்று சொன்னேன். சத்தம் நன்றாகத்தான் பதிந்திருந்தது. ஆங்கிலம் பேசுகிற, கண்ணாடி போட்ட பெண்ணைப் போட்டால் சிட்டு கெட்டுப்போவாள் என்றுதான் போடவில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளையைவிட, யாரோ பெயர் வைத்த பிள்ளை எனக்கு முக்கியமாகிப் போயிருந்தாள்.

உன் அப்பாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆனால் அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒருநாள் பஸ் வேலை முடித்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "திருச்சுழி டிரிப்புல ஒருத்தன் போன்ல நம்ம புள்ளையவே திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு வந்தான். அவனுக்கு டிக்கெட்டு கிழிக்கக் கை வரல" என்றார். நல்லதுதானே, பிள்ளை பிரபலமாகிவிட்டாள் என்று சிரித்தேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். கண்டக்டராக இருபது வருடம் ஓடியவர், அடுத்த மாதமே அந்த வழியை விட்டு மதுரை வழிக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இனிமேல் சொல்வதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நீ நின்று சிரித்த அந்தக் காட்டில் நான் பத்து வயதிலிருந்து கூலிக்குப் பருத்தி எடுத்தவள். என் அம்மாவும் சித்தியும் நானும் விடிந்ததும் இடுப்பில் துணியை மடி கட்டிக்கொண்டு இறங்குவோம். காய்ந்த பருத்திக் காயின் முனை ஊசி மாதிரி இருக்கும். நகக்கண் ஓரமெல்லாம் கிழிந்துபோகும். சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும். மாலையில் எடுத்த பருத்தியைக் காட்டுக்காரர் வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, எங்கள் பங்கைக் கொடுக்கும் வரைக்கும் நின்றுகொண்டிருப்போம். உட்காரச் சொல்ல மாட்டார்கள். பத்தொன்பது வயதில் அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்து தையல் படித்தேன். இனிமேல் ஒரு காட்டிலும் கால் வைக்க மாட்டேன் என்று அன்றைக்கே நினைத்தேன். அப்படி நினைத்தவள்தான் இருபது வருடம் கழித்து உன் இடுப்பில் பித்தளைக் குடத்தை வைத்து அதே காட்டில் நிறுத்தினேன். காட்டுக்காரர் வீட்டு அக்காவிடம் படம் எடுக்கட்டுமா என்று கேட்டபோது அவுக, செடியை மிதிக்காமல் எடுத்துக்கொள் என்றார்கள்.

இது உங்கள் காடா என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். "ஆமா, எங்க காடுதான்" என்று பதில் போட்டேன். எழுதும்போது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை, அதைத்தான் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதற்குக் கீழேயே இன்னொருவர், நீங்கள் நம்ம ஆளுகளா என்று கேட்டிருந்தார். அதற்கு நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கும்பிடுகிற இரண்டு கைப் படத்தை மட்டும் போட்டேன். அவர்கள் என்ன நினைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் விட்டேன். நீ அதைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டாய். காடு வைத்திருக்கிற வீட்டுப் பெண் என்றால்தான் பார்ப்பார்கள், கூலிக்காரி மகள் என்றால் யார் பார்ப்பார்கள் என்றேன். இப்படித்தான் சொன்னேன். உன்னிடமே சொன்னேன்.

நீ மதுரைக்குக் கல்லூரிக்குப் போனபோது எல்லாம் மாறும் என்று நீ நம்பியிருப்பாய். அங்கேயும் உனக்கு முன்னால் சிட்டு போய்ச் சேர்ந்திருந்தாள். விடுதியில் உன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. சிட்டு, மண்வாசனை, இவைதான் உன் பெயர். கேன்டீனில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பீட்சா சாப்பிட்டதை ஒருத்தி படம் எடுத்துப் போட்டுவிட்டாள். சிட்டு மாறிப்போச்சு, இத்தனை நாளும் ஏமாத்திட்டா என்று முகம் தெரியாத ஆட்கள் எழுதினார்கள். நான் உடனே உனக்குப் போன் போட்டேன். அவர்களை அல்ல, உன்னைத் திட்டினேன். வெளியே போகும்போது சுடிதாராவது போட்டுக்கொண்டு போகத் தெரியாதா என்று கேட்டேன்.

முதல் வருட லீவுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த நாளும் மறக்கவில்லை. பஸ் காரியாபட்டியைத் தாண்டியிருக்கும். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்: "கூடப் படிக்கிறவ எனக்குப் புடிச்ச கலரு என்னன்னு கேட்டாம்மா. எனக்குச் சொல்லத் தெரியல. கடைக்குப் போனா இத சிட்டு போடுமான்னுதான் யோசிக்கிறேன். எனக்குப் புடிக்குதான்னு தோணவே மாட்டேங்குது." நான் போனில் கமெண்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தாமல், "மெரூன்னு சொல்ல வேண்டியதுதான" என்றேன். அதன்பிறகு அருப்புக்கோட்டை வரும்வரை ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் உன் கண் திறந்துதான் இருந்தது.

இரண்டாம் வருடத்தில்தான் அது நடந்தது. காட்டுக்காரர் வீட்டுப் பேரன் சென்னையில் வேலை பார்க்கிறவன். எப்படியோ காட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். அது எங்கள் தாத்தா காடு, இந்தச் சிட்டின் அம்மா அதில் கூலிக்குப் பருத்தி எடுத்தவள் என்று எழுதிவிட்டான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதற்குக் கீழே வந்தவர்கள் எழுதியதை இங்கே நான் எழுத மாட்டேன். முந்தின நாள் வரைக்கும் மகாராணி, தேவதை என்று எழுதிய அதே ஆட்கள்தான். நான் கடையில் மிஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உன் பதில் வந்தது. வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். "ஆமாம். எங்கள் அம்மா அந்தக் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தார். அந்தக் கூலியில்தான் தையல் படித்தார். நான் போட்டிருக்கும் பாவாடை தாவணி அவர் தைத்தது. காடு எங்களுடையது இல்லை. அப்படிச் சொன்னது தவறு." கீழே உன் சொந்தப் பெயரை முழுதாக எழுதியிருந்தாய். நான்கு வருடத்தில் அந்தப் பக்கத்தில் உன் சொந்தப் பெயர் வந்தது அந்த ஒரு தடவைதான்.

அதை நான் அழித்தேன். இரண்டு நிமிடம்கூட அது அங்கே இருந்திருக்காது. அந்தப் பையனையும் பக்கத்துக்குள் வர முடியாதபடி பிளாக் செய்தேன். பிறகு உனக்குப் போன் போட்டு, உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா, என் மானத்தை வாங்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கத்தினேன். நீ திருப்பிக் கத்தவில்லை. "ஏம்மா, நீ பருத்தி எடுத்தது அவ்வளவு அசிங்கமா? நான் அதப் பெருமையாத்தான நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அந்த வீடியோவுக்காக அத்தனை பேர் எழுதிய அத்தனை வார்த்தையிலும் எனக்காக எழுதப்பட்டது அந்தச் சில வரிகள் மட்டும்தான் பாப்பா. யாரோ என்னை அசிங்கப்படுத்தினார்கள் என்று நினைத்து, எனக்காகப் பேசிய ஒருத்தியை நான் இல்லாமல் ஆக்கினேன்.

அந்த வருடம் லீவுக்கு நீ வரவில்லை. பொங்கலுக்கு வந்தாய், ஒரே நாளில் திரும்பிவிட்டாய். தலைமுடியைத் தோள் வரைக்கும் வெட்டியிருந்தாய். உன் அப்பாதான் மாதம் ஒரு தடவை டூட்டி முடிந்ததும் மதுரையில் இறங்கி, காராச்சேவு வாங்கிக்கொண்டு விடுதி வாசலில் வந்து உன்னைப் பார்த்தார். நான் வரவில்லை. கோபத்தில் வரவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் உன் முகத்தைப் பார்க்கக் கூசியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உனக்குத் தெரியாது. நீ லீவுக்கு வராத அந்த இரண்டு வருடமும் பழைய வீடியோக்களையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சிட்டு ஊரில் இல்லையா என்று கேட்டவர்களுக்கு, பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று பதில் போட்டேன். நீ இல்லாமலே உன்னை நடத்திக்கொண்டிருந்தேன்.

நீ வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் உன் பெட்டியை அப்பா மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். எனக்கு அதைத்தவிரக் கொடுக்க வேறு ஒன்றும் தோன்றவில்லை. "அழிச்சா நடந்தது இல்லாம போயிருமா? இருக்கட்டும். உண்மைய மட்டும் எழுதிட்டு விட்டுரும்மா" என்றாய். சரி என்றேன். சரி என்று சொன்னவள் இருபது நாள் எழுதவில்லை. தினமும் கடையைத் திறந்ததும் எழுதுவேன், அழிப்பேன். முதலில் எழுதியதெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியதாகவே இருந்தது. குடும்பக் கஷ்டம், பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்ற ஆசை என்று ஏதேதோ.

போன வெள்ளிக்கிழமை மதியம், ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்து முடித்த கையோடு எழுதிப் போட்டேன். அந்தக் காடு எங்களுடையது இல்லை, நான் அதில் கூலிக்குப் பருத்தி எடுத்தேன், சிட்டு என்று ஒரு பெண் கிடையாது, என் மகள் கண்ணாடி போடுகிறவள், படித்தவள், அவளைக் கேட்காமல் இப்படிக் காட்டியது நான்தான் என்று. எழுதி முடித்ததும் பயத்தில் போனைத் துணி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். நிறையப் பேர் பக்கத்தை விட்டுப் போயிருந்தார்கள். வைதவர்களும் உண்டு. கமுதி பக்கத்திலிருந்து ஒரு பெண் மட்டும், 'நானும் மொளகா பறிச்சவதான்க்கா, எம் மக கிட்ட இன்னும் சொன்னதில்ல' என்று எழுதியிருந்தாள். சொல்லிவிடு என்று அவளுக்கு எழுதினேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பதினாறிலிருந்து இருபது வரைக்கும் ஒரு பிள்ளை தனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தட்டித் தடவித் தெரிந்துகொள்கிற வயது. அந்த நான்கு வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஊரில் யார் யாரோ உனக்குப் பெயர் வைத்திருந்தால் அதைக் கிழித்துப் போட வேண்டியவள் நான். நானே பசை தடவி ஒட்டினேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

நேற்று நீ போன் பேசும்போது சொன்னாய், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் தங்களைப் பற்றி இரண்டு வரி எழுதித் தர வேண்டுமாம், படத்தோடு சுவரில் ஒட்டுவார்களாம். நீ பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தைக் காலியாக விட்டுக் கொடுத்திருக்கிறாய். "நான் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்கே இன்னும் தெரியலம்மா. தெரியாம என்னத்த எழுத? கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாய். என் வாயில் பத்து வார்த்தை வந்தது. கெட்டிக்காரி என்று எழுது, பொறுமைசாலி என்று எழுது, தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் என்று எழுது. எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டேன். "இருக்கட்டும் தாயி" என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு நீ அரை மணி நேரம் உன் வேலையைப் பற்றி, பரிசோதனைக்கு வரும் சாயப்பட்டறைத் தண்ணீரைப் பற்றிப் பேசினாய். எந்த நிறம் எப்படிப் பிரியும், எந்தக் கண்ணாடிக் குழாயில் எதை ஊற்றிப் பார்ப்பீர்கள் என்று. எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. கடைக்கு ஆள் வந்து நின்றது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, நீ பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உன் அம்மா